கார்னர் மனையின் தாகம்

2018 ஏப்ரல் 15, ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு, கோவில்பட்டிக்கு வெளியே எட்டயபுரம் சாலையில் இருக்கும் மரகத நகரின் முப்பத்தெட்டு வீட்டு உரிமையாளர்களுக்கும் ஒரே சமயத்தில் தாகம் எடுத்தது; அவர்களில் முதலில் எழுந்து உட்கார்ந்தவர் கார்னர் மனையில் குடியிருந்த சூசைமாணிக்கம், அந்த முப்பத்தெட்டுப் பேரில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த ஒரே ஆள்.

மற்றவர்கள் குடித்தார்கள். சொம்பில் குடித்தார்கள், சொம்பு போதாமல் குடத்தைச் சாய்த்துக் குடித்தார்கள், ஃபிரிட்ஜில் இருந்த பாட்டில்களைக் குடித்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைக்குள் கிடந்த பாட்டில்களையும் தேடிக் குடித்து, அப்போதும் தாகம் தொண்டையை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்க, ஏழு மணிக்குள் மேல்நிலைத் தொட்டியைக் காலி செய்துவிட்டு, குடியிருப்போர் சங்கத் தலைவர் வெயிலுமுத்துவின் வாசலில் போய் நின்றார்கள். ஏன் இப்படித் தாகம் எடுக்கிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. தொட்டியில் ஏன் தண்ணீர் இல்லை என்றுதான் கேட்டார்கள்.

"டேங்கரு நாளைக்குத்தான் வரும்," என்றார் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற வெயிலுமுத்து, தண்ணீர்க் கேன் ஒன்றை இடுப்பில் அணைத்தபடி. "அதுவரைக்கும் எல்லாரும் கொஞ்சம் பொறுத்துக்கிடணும்."

"நீங்க பொறுக்குறதைத்தான் பாக்குதோமே, அண்ணாச்சி," என்றார் நிறைகுளத்தான். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர் அவர். அன்று காலை அவருக்கும் தாகம் எடுத்தது. ஒரு டம்ளர் குடித்தார், தீர்ந்துவிட்டது. பல் குச்சியோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

மரகத நகர் இருக்கும் இடம் கரிசல். பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைந்த காடு, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். கறுப்பு மண்ணைப் போட்டோ எடுத்துப் போட்டால் எவன் வாங்குவான் என்று நினைத்த மனைவணிகர், லாரி லாரியாகச் செம்மண் கொண்டுவந்து கரிசலின் மேல் அரையடிக்குப் பரப்பி, அதன்மேல் கொரியன் புல்லைப் பாய் விரிப்பதுபோல விரித்து, வெயில் கொளுத்தும் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும்படியான ஒரு பச்சையை உண்டாக்கி விற்றார். வாங்கியவர்களின் கிரயப் பத்திரத்திலேயே ஒரு நிபந்தனை இருந்தது: வீட்டின் முன்புறம் புல்தரையாகவே இருக்க வேண்டும், பச்சையில் இடைவெளி விழக் கூடாது. ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு, சங்கத் தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு எல்லா வீட்டுப் புல்லின் மேலும் நடப்பார். எந்தப் புல்லில் உள்ளங்காலுக்கு மண்ணே தட்டுப்படவில்லையோ அந்த வீட்டுக்குக் கப்பு. மூன்று வருஷமாகக் கப்பு வாங்கியவர் சூசைமாணிக்கத்தின் மனைவி லில்லிபுஷ்பம்.

புல் போடாத வீடு ஒன்றே ஒன்று, நிறைகுளத்தானுடையது. அதற்குக் காரணம் கொள்கை அல்ல, சோம்பல். வீடு கட்டும்போது பெயர்ந்துபோன இடத்தில் மறுபடி செம்மண் அடிக்க வந்த லாரியை அவர் தூங்கிக்கொண்டே திருப்பி அனுப்பிவிட்டார். முன்புறத்தில் ஆவாரையும் துத்தியும் தானாக முளைத்தன, காக்கை போட்ட விதையில் ஒரு வேம்பு வந்தது. பச்சையில் இடைவெளி விட்டதற்காக வருஷந்தோறும் அபராதம் கட்டிவந்தார்.

தாகத்தின் ஊற்று எது என்பது டேங்கர் வந்த அன்று தெரிந்தது. உச்சிவெயிலில் லில்லிபுஷ்பம் ஹோஸைப் பிடித்துப் புல்லுக்கு அடித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே கட்டிலில் கிடந்த சூசைமாணிக்கம் சத்தம் போட்டார்.

"ஏளா லில்லி! யாரு எனக்குத் தண்ணி குடுத்தது?"

"யாரு குடுப்பா? காலையிலயே ஒங்க டம்ளரு முடிஞ்சு போச்சுல்லா?"

"தொண்டையில இறங்குதுளா. கொஞ்சூண்டு இறங்குது."

ஹோஸை நிறுத்தினாள், இறங்குவது நின்றது. திறந்தாள், இறங்கியது. பக்கத்து வீட்டிலும் எதிர்வீட்டிலும் அதையே செய்து பார்த்தார்கள், சாயங்காலத்துக்குள் ஊர்ஜிதமாகிவிட்டது: தோட்டத்தின் தாகம் தோட்டத்தின் சொந்தக்காரருக்கு வந்திருந்தது. யார் பெயரில் பத்திரமோ அவருக்கு மட்டும். மனைவி பெயரில் வீடு வாங்கியிருந்தவர்கள் நன்றாகத் தூங்கினார்கள், மனைவிமார்கள் தூங்கவில்லை. வாடகைக்கு இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பன்னிரண்டாம் வீட்டின் சொந்தக்காரர் மஸ்கட்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார், அவர் கிரேன் மேலேயே ஒரு டிரம்மை வைத்துக்கொண்டு, வாடகைக்காரருக்குத் தினமும் போன்போட்டு, "தம்பி, புல்லுக்குத் தண்ணி விட்டீங்களா?" என்று அழாத குறையாகக் கேட்டார். வாடகைக்காரர் அந்த மாதம் வாடகையைக் குறைத்துக்கொண்டார்.

வந்ததை வந்ததாக எடுத்துக்கொள்ள மரகத நகருக்கு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. தாகங்களுக்குப் பெயர் வைத்தார்கள். புல் தாகம் நாக்கின் மேல்பரப்பில் பரவலாக எரியும், ரோஜாத் தாகம் ஒரே இடத்தில் குத்தும், வாழைத் தாகம் வயிறு வரைக்கும் இறங்கும் என்று வாக்கிங் போகிறவர்கள் ஒருவருக்கொருவர் விவரம் சொல்லிக்கொண்டார்கள். மாப்பிள்ளை பார்க்க வந்த பெண் வீட்டார் வராந்தாவில் உட்காருவதற்கு முன்னால் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்கள், வீடு யார் பேரில் இருக்கிறது என்று காப்பி குடிக்கும்போது கேட்டார்கள். ஒரு நாளிதழின் நிருபர் வந்து இரண்டு பத்திக்குச் செய்தி போட்டார். அதன் பக்கத்தில் ஆர்.ஓ. மெஷின் விளம்பரம் வந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் கூட்டம் கூடியது, வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதிவைத்தால் தாகமும் பிள்ளைகளோடு போய்விடுகிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருந்த பிள்ளைகள், இத்தனை நாள் கேட்டும் கொடுக்காத சொத்தை அப்பா இப்போது ஏன் வலிய எழுதிவைக்கிறார் என்று முதலில் நெகிழ்ந்தார்கள், மறுநாள் காலையில் புரிந்துகொண்டார்கள். வெயிலுமுத்து தன் பெயரில் விற்காமல் கிடந்த இரண்டு மனைகளையும் நகர்ப் பிள்ளையாருக்குத் தானமாக எழுதிவைத்தார். பக்திமான் என்று அவரைப் பாராட்டி ஒரு தட்டி கட்டினார்கள். அதற்குப் பிறகு பிள்ளையாருக்கு அபிஷேகம் செய்த தண்ணீர் கோமுகி வழியாக வெளியே வரவில்லை. ஊற்ற ஊற்ற கல் குடித்துக்கொண்டது. அர்ச்சகர் இதைத் தலைவரிடம் சொன்னார், தலைவர் கோமுகியில் அடைப்பு இருக்கும் என்றார்.

சூசைமாணிக்கத்தின் விஷயம் வேறு. அவர் முப்பத்தொரு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர், இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர், காப்பியும் ரசமும் அந்தக் கணக்குக்குள்தான். அதற்கு மேல் குடித்தால் குடித்தது வெளியேற வழியில்லாமல் நுரையீரலில் போய் நிற்கும், மூச்சு முட்டும், ஆளை முடித்துவிடும். ஆனால் அவருடையது கார்னர் மனை. மற்றவர்களுக்கு ஒரு பக்கம் புல் என்றால் அவருக்கு இரண்டு பக்கம் புல், அதோடு வேலியோரம் முழுக்க ரோஜா. மரகத நகரிலேயே பெரிய தாகம் அவருக்குத்தான் வந்திருந்தது, குடிக்கக் கூடாத ஒரே வாய்க்கு.

அவர் அதை வெளியே சொல்லவில்லை. வராந்தாவுக்கும் கேட்டுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார். காலையில் நடந்தார், வெயிலில் நடந்தார், சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்து நடந்தார், கேட்டைத் தொட்டுத் திரும்பும்போது ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங்கை ஒடிப்பதுபோல இரண்டு கையும் தானாகத் திரும்பியது.

"ரொம்பத் தாகமா இருக்கா?" என்று லில்லிபுஷ்பம் கேட்பாள்.

"கொஞ்சம் தொண்ட காயுது. அவ்வளவுதான்."

"கப்பு நடை முடியட்டும். அப்புறம் புல்லைக் கொறச்சிருவோம்."

"குறைப்போம், குறைப்போம். இப்ப என்ன அவசரம்?"

அவள் நம்பினாள். குளித்த தண்ணீரைப் புல்லுக்கு விட்டாள், அரிசி களைந்த தண்ணீரை விட்டாள், தன் பங்குக் குடத்தில் பாதியை விட்டாள், எல்லாவற்றையும் உச்சிவெயிலில்தான் விட்டாள், ஏனென்றால் அப்போதுதான் புல் வாடித் தெரியும். முப்பத்தொரு வருஷம் டெப்போ தெருவில் மாடி வீட்டில் குடியிருந்தவள் அவள். மண் என்று அவளுக்கு இருந்தது ஒரு பெயின்ட் டப்பா, அதில் ஒரு ரோஜாக் குச்சி. இந்த நகருக்கு வந்த பிறகுதான் பேங்க் மேனேஜர் மனைவியும் காலேஜ் டீச்சரும் அவள் கேட்டில் வந்து நின்று, "லில்லி அக்கா, எங்க புல்லு மஞ்சளடிக்குது, என்ன போடலாம்?" என்று கேட்டார்கள். மூன்று கப்புகளும் டிவிக்கு மேலே வரிசையாக இருந்தன.

ஜூலையில் ஒரு மத்தியானம் அவள் கடைக்குப் போய்த் திரும்பியபோது, சூசைமாணிக்கம் புல்லின் மேல் முழங்கால் போட்டு, ஹோஸை வாயில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தும் நிறுத்தவில்லை. சாயங்காலம் மூச்சு இரைக்க ஆரம்பித்தது, ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்தார்கள்.

"இன்னொரு தடவை இப்படிக் குடிச்சா என்கிட்ட கூட்டிட்டு வராதீங்கம்மா," என்றார் டாக்டர், கோபத்தில் அல்ல, சாதாரணமாகத்தான் சொன்னார். "வர்றதுக்கு நேரம் இருக்காது."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், லில்லிபுஷ்பம் ஆவுடைச்செல்விக்குப் போன் போட்டாள். வீட்டுத் தோட்டங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்து, சொட்டுநீர்க் குழாய் பதித்துக் கொடுப்பது ஆவுடைச்செல்வியின் தொழில். முப்பத்தைந்து வயது, சொந்தமாக ஒரு மினி லாரி, மரகத நகருக்கு முதன்முதலில் புல் விரித்தவளும் அவள்தான்.

"நீதானம்மா இந்தப் புல்லைப் போட்டது?" என்று சூசைமாணிக்கம் வராந்தாவில் நடந்துகொண்டே கேட்டார்.

"நான்தான் அண்ணாச்சி. வேற மாதிரி ஒண்ணு வரைஞ்சு கொண்டுபோனேன். போட்டோவுல பச்சையா விழாதுன்னுட்டாரு மனை போட்டவரு. கூலி வாங்கிட்டு விரிச்சுட்டுப் போயிட்டேன். இப்ப நாக்க நீட்டுங்க."

"எதுக்கு?"

"உங்க நாக்குதான் எனக்கு மீட்டரு. இங்க எது எவ்வளவு குடிக்குதுன்னு அதுகிட்டதான் கேக்கணும். உக்காருங்க, நடக்காதீங்க. நடந்தா எனக்கு அளவு தெரியாது."

அப்படித்தான் அந்த வேலை நடந்தது. வராந்தாவில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்துவிட்டு ஆவுடைச்செல்வி தோட்டத்தில் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். உச்சிவெயிலில் ஒரு குடத்தைப் புல்லின் மேல் தெளித்தாள். ஒரு வாய்கூட வரவில்லை என்றார். அதே ஒரு குடத்தை மறுநாள் விடிகாலையில் விட்டாள். அரைச் சொம்பு குடித்தமாதிரி இருக்கிறது என்றார். வேலியோரம் சிதறிக் கிடந்த ரோஜாக்களையெல்லாம் வேர்மண்ணோடு தோண்டி, குளியலறைக் குழாய் வெளியே வரும் இடத்தில் ஒன்றாகச் சேர்த்து நட்டாள். நாக்கில் அங்கங்கே குத்திக்கொண்டிருந்தது ஒரே இடத்துக்கு வந்துவிட்டது என்றார், குளிக்கிற தண்ணீர் போனதும் அதுவும் அடங்கியது. செக்கடியிலிருந்து நிலக்கடலைத் தோல் மூட்டைகளை வாங்கிவந்து ரோஜாவின் அடிமண் தெரியாதபடி மூடினாள், மூடி முடித்த நிமிஷம் சூசைமாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி, மயக்கமா?"

"இல்லம்மா. ஒரு மரத்தடியில வண்டிய நிப்பாட்டுன மாதிரி இருக்கு."

இந்தச் செய்தி நகருக்குள் பரவி, கடலைத் தோல் கிடைக்காமல் போய்விட்டது. விடிகாலை ஐந்து மணிக்கு எல்லா வீட்டிலும் தண்ணீர் விட்டார்கள். சிலர் தாங்கள் செய்தது சரியா என்று கேட்க நாக்கை நீட்டிக்கொண்டே ஆவுடைச்செல்வியின் லாரிக்குப் பின்னால் நடந்தார்கள்.

ஆனால் புல் இருந்தது. ஆவுடைச்செல்வி மண்வெட்டியால் ஒரு மூலையில் புல்லைப் புரட்டி அடியில் இருப்பதைக் காட்டினாள்.

"இதப் பாருங்க அக்கா. நீங்க விடுற தண்ணி எல்லாம் இந்த அரையடிச் செம்மண்ணுலயே நின்னு வெயிலோட போயிருது. கீழ கரிசலு காஞ்சு கெடக்கு. இந்தச் செம்மண்ண வழிச்சுட்டு, நிலத்த ஒரு சாண் தாழ்த்தி, மழைத் தண்ணி வந்து உக்கார்ற மாதிரி பண்ணிட்டோம்னா கரிசலு குடிச்சு வச்சுக்கிடும், மாசக்கணக்குல வச்சுருக்கும். ஆவாரை, நொச்சி, அரளி, மேக்க ஒரு புங்கை. முதல் வருசம் கையில ஊத்தணும். அப்புறம் அதுபாட்டுக்கு இருக்கும்."

"நிறைகுளத்தான் அண்ணாச்சி வீடு மாதிரியா?"

"அவரு தூங்கிட்டே பண்ணுனதை நாம முழிச்சிருந்து பண்ணுவோம்."

லில்லிபுஷ்பம் புரட்டிய புல்லைக் குனிந்து மறுபடி படுக்கவைத்து உள்ளங்கையால் அமுக்கினாள். "ஆகஸ்டு பதினஞ்சு முடியட்டும்," என்றாள். "நாலாவது கப்பு. அத்தோட விட்டுருதேன்."

"அண்ணாச்சிக்கு அதுவரைக்கும்..."

"எனக்கு ஒண்ணுமில்லம்மா," என்றார் சூசைமாணிக்கம் வராந்தாவிலிருந்து. "கொஞ்சம் தொண்ட காயுது. அவ்வளவுதான்."

ஆவுடைச்செல்வி அவரைப் பார்த்தாள், லில்லிபுஷ்பத்தைப் பார்த்தாள். "ஹோஸுல ஏன் வாயை வச்சாருன்னு யோசிச்சீங்களா, அக்கா?" என்று கேட்டுவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

லில்லிபுஷ்பம் யோசித்தாள். புல்லையும் விடாமல் புருஷனையும் விடாமல் இருக்க ஒரு வழி அவளுக்குத் தோன்றியது. அவளுக்கு உடம்பில் ஒரு நோயும் இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டால் தாகத்தைத் தானே குடித்துத் தீர்த்துவிடலாம்.

"முழுசா எழுத மாட்டேன்," என்றார் சூசைமாணிக்கம்.

"நம்பிக்கை இல்லையா?"

"அதுக்கு இல்லளா. பாதி எழுதுதேன். ரெண்டு பேரு பேருலயும் இருக்கட்டும்."

ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, சார்பதிவாளர் அலுவலகத்தில் பாதிப் பாகத்தை மனைவிக்கு எழுதிக்கொடுத்தார். லில்லிபுஷ்பம் விரலை வைத்து, போட்டோவுக்கு முகத்தைக் காட்டி, கையெழுத்துப் போட்டு, பேனாவை மேஜையில் வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. எழுத்தர் பழக்கமானவர், மரகத நகர்ப் பத்திரம் என்றால் பக்கத்தில் ஒரு குடம் எடுத்து வைத்திருப்பார். அதை அவள் பக்கம் நகர்த்திவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

குடத்தைக் குடித்தாள். வெளியே வந்து எலுமிச்சை சோடா குடித்தாள், இளநீர் குடித்தாள், டீக்கடை டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு குடித்தாள், டீக்கடைக்காரர் டிரம்மையே அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தார். தாகம் ஒரு இம்மியும் அசையவில்லை. வேப்பமர நிழலில் நின்றிருந்த சூசைமாணிக்கத்தின் கைகள் நாலு மாதத்தில் முதல்முறையாகத் தொங்கியபடி சும்மா இருந்தன.

"என்னங்க," என்றாள் அவள், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு. "இது பாதியா?"

"பாதிதான்."

"பாதிதானா இது?"

அவர் ரோட்டைப் பார்த்தார். "பஸ்ஸு வருது. ஏறு," என்றார்.

மறுநாள் முழுக்க அவளும் வராந்தாவுக்கும் கேட்டுக்கும் நடுவே நடந்தாள். இரண்டு பேரும் எதிரெதிராக நடந்து, நடுவில் சந்தித்து, விலகி, மறுபடி சந்தித்தார்கள். சாயங்காலம் அப்படி ஒரு சந்திப்பில் அவள் வழியை மறித்து நின்றாள்.

"ஏன் சொல்லல?"

"என்னத்த?"

"தொண்ட காயுதுன்னு சொன்னீங்க. இதுக்குப் பேரு தொண்ட காயுறதா?"

"சொன்னா நீ அன்னைக்கே புல்லை எடுத்திருப்ப."

"எடுத்தா என்ன? புல்லுதான?"

சூசைமாணிக்கம் கேட்டைப் பிடித்துக்கொண்டார். "கப்பு வாங்கிட்டு அந்த மேடையில இருந்து எறங்கி வருவ பாரு, ஒரு நடை. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நீ அப்படி நடந்து நான் பாத்ததில்ல. டெப்போ தெருவுல மாடிப்படி ஏறி எறங்குறதத்தான் பாத்துருக்கேன். இன்னொரு தடவை பாத்துருவோம்னு இருந்தேன்."

"பாக்குறதுக்கு நீங்க இருக்கணும்லா?" என்றாள் லில்லிபுஷ்பம்.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி காலை கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, வெயிலுமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு, கமிட்டி ஆட்கள் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலோடு பின்னால் வர, ஒவ்வொரு வீட்டுப் புல்லாக நடந்து நடந்து கார்னர் மனைக்கு வந்தபோது, லில்லிபுஷ்பம் கோயிலுக்குக் கட்டும் பட்டுச்சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு மண்வெட்டியால் புல்லை வெட்டிக்கொண்டிருந்தாள். தெருப்பக்கத்துப் புல் பாதி போயிருந்தது. ஆவுடைச்செல்வி வெட்டிய புல்லைப் பாய்போலச் சுருட்டி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பாய் சுருளும்போதும் வராந்தாவில் உட்கார்ந்திருந்த சூசைமாணிக்கமும், மண்வெட்டியோடு நின்ற லில்லிபுஷ்பமும், ஒரே நேரத்தில் எச்சில் விழுங்கினார்கள்.

வெயிலுமுத்து வெறுங்காலோடு புல் போன செம்மண்ணில் நின்றார். "என்ன லில்லியம்மா, இன்னைக்குப் போயி? கப்பு ஒங்களுக்குன்னுதான் பேரே வெட்டி வச்சாச்சு."

"பேர அழிச்சுருங்க, அண்ணாச்சி."

"பத்திரத்துல நிபந்தனை இருக்கு. தெரியும்ல?"

"பத்திரத்துல இப்ப என் பேரும் இருக்கு," என்றாள் அவள். "சுடுது, செருப்பப் போட்டுக்கோங்க."

"இப்படி ஒவ்வொருத்தரா வெட்டுனா இந்த நகருக்கு என்ன மதிப்பு இருக்கும்? எவன் வந்து மனை வாங்குவான்?"

"தாகம் எடுக்காதவன் வாங்குவான்," என்றார் பின்னாலிருந்து நிறைகுளத்தான். அபராத ரசீது வாங்க மறந்து அதற்காக வந்திருந்தவர் அவர். கமிட்டியில் இரண்டு பேர் சிரித்தார்கள், பிறகு தலைவரைப் பார்த்துவிட்டுப் பாட்டிலைத் திறந்து குடித்தார்கள்.

அந்த வருஷக் கப்பு பதினாலாம் வீட்டுக்குப் போனது. அதை வாங்க அவர்கள் மகள் வந்தாள், வீட்டுக்காரரால் குழாயடியை விட்டு வர முடியவில்லை. கார்னர் மனைக்குச் சங்கம் அபராதம் போட்டது, தொட்டித் தண்ணீரையும் நிறுத்தியது. புல் போன பிறகு நிறைகுளத்தான் வீட்டிலிருந்து வந்த குடங்களே போதுமாக இருந்ததால், நிறுத்தியது கார்னர் மனையில் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

நகரில் ஏழெட்டு வீடுகளில் புல்லை எடுத்தார்கள். மற்றவர்கள் எடுக்கவில்லை. நிபந்தனைக்குப் பயந்தவர்கள் இருந்தார்கள். பச்சையை விட மனம் வராமல், குடித்துக்கொண்டே இருந்துவிடலாம் என்று முடிவுசெய்தவர்களும் இருந்தார்கள். அந்த நிபந்தனை போனது மனிதர்களால் அல்ல. செப்டம்பரில் பிள்ளையார் சதுர்த்தி அன்று நூற்றெட்டுக் குடம் அபிஷேகம் நடந்தது, நூற்றெட்டுக் குடத்தையும் சாமி குடித்தார், கோமுகி காய்ந்தே இருந்தது, மஞ்சள் தண்ணீருக்குக் கையேந்தி நின்ற கூட்டம் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு திரும்பியது. மனிதனுக்குத் தாகம் எடுத்தால் பொறுத்துக்கொள்ளலாம், சாமியைத் தாகத்தில் போட்டுவைப்பது நகருக்கு நல்லதில்லை என்று அடுத்த ஞாயிறு பொதுக்குழுவில் பேங்க் மேனேஜர் மனைவி பேசினார். முன்புறம் புல்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சங்கம் இனி வலியுறுத்துவதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தில் சாமியின் சிரமம் மட்டும்தான் குறிப்பிடப்பட்டிருந்தது. பிள்ளையாரின் இரண்டு மனையிலும் புல்லை எடுத்து ஆவாரை விதைத்தது ஆவுடைச்செல்வி. வெயிலுமுத்து பக்கத்தில் நின்று, இதைத்தான் தான் ஆரம்பத்திலிருந்து நினைத்தது என்று சொன்னார்.

கார்னர் மனையில் செம்மண்ணை வழித்து எடுத்து, நிலத்தை ஒரு சாண் தாழ்த்தி, மாடித் தண்ணீரும் தெருத் தண்ணீரும் அங்கே வந்து சேரும்படி சரிவு பார்த்து, கரிசலைத் திறந்துவிட்டார்கள். ஆவாரையும் நொச்சியும் வேலியோரம் அரளியும் வைத்தார்கள், மேற்கே புங்கங்கன்று ஒன்று. படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்குப் புல்லை ஆவுடைச்செல்வி எடுக்காமல் விட்டிருந்தாள்.

"இதையும் எடுத்துருளா," என்றாள் லில்லிபுஷ்பம்.

"இருக்கட்டும் அக்கா. கை கழுவுற தண்ணியே இதுக்குப் போதும். பாயளவு புல்லு வச்சுக்கிட்டா யாரும் சாக மாட்டாக."

லில்லிபுஷ்பம் வராந்தாவைப் பார்த்தாள். சூசைமாணிக்கம் நாக்கைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, ஒரு வாய் இருக்கும், அவ்வளவுதான் என்றார். அந்த ஒரு வாய்த் தாகத்தைப் பாதிப் பாதியாக இரண்டு பேரும் வைத்துக்கொண்டார்கள். காலையில் அவள் செருப்பில்லாமல் அந்தப் புல்லில் நாலு எட்டு நடப்பாள், திரும்பி வருவாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

ஐப்பசி மழை பிந்தித்தான் வந்தது. மழை பெய்த அன்று மரகத நகரில் கரிசலின் வெடிப்புகள் தண்ணீரை உள்ளே வாங்கும் சத்தம் சாலை வரைக்கும் கேட்டது; மஸ்கட்டில் கிரேன் ஓட்டியவர் டிரம்மைக் கீழே இறக்கினார்; கோமுகியிலிருந்து தண்ணீர் வந்தது.

2018 நவம்பர் 14, புதன்கிழமை காலை, கார்னர் மனையில் சூசைமாணிக்கம் தன் பங்கு டம்ளரில் பாதியை மிச்சம் வைத்தார்.